இரண்டு சுற்று இறகு

ஒரு சிறிய தூண்டில் முள். அதன் முதுகில் ஒரே அடுக்காகச் சுற்றப்பட்ட ஆரஞ்சு நிறப் பட்டுநூல். கழுத்தில் ஒரு கவுதாரி இறகு, இரண்டே சுற்று. தலையில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். ட்ரவுட் மீன் பிடிக்க வட இங்கிலாந்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வரும் செயற்கை ஈ இது. பெயர் ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு’. பார்ட்ரிட்ஜ் என்றால் கவுதாரி. பெயரே செய்முறை.

இந்த எளிய பொருளைக் கீழானது என்று அதே நாட்டின் தெற்கில் இருந்த கனவான்கள் ஒருகாலத்தில் தீர்மானித்தார்கள். அதைப் பயன்படுத்துபவர் திறமை இல்லாதவர், ரசனை இல்லாதவர், நேர்மைகூட கொஞ்சம் குறைந்தவர் என்று ஒரு கருத்து உருவானது. கருத்து விதியானது. விதி கிளப்புகளின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அந்தச் சட்டத்தின் எச்சம் இன்றும் சில ஆற்றங்கரைகளில் இருக்கிறது.

அந்தத் தீர்மானம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் தரப்பு. மீன்பிடிப்பில் மட்டும் தவறு என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். ஒரு நல்ல வழிமுறை எப்படித் தூய்மைவாதமாக மாறுகிறது, அந்தத் தூய்மை யாருக்கு லாபம் என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பூச்சி, இறகு, ஆறு, ஆள் எல்லாமே கண்முன்னால் இருக்கின்றன. எதையும் பூசி மறைக்க முடியாது.

*

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம்.

ட்ரவுட் தின்னும் பூச்சிகளில் முக்கியமானது மேஃப்ளை. நம்மூர் ஈசலை நினைத்துக்கொள்ளலாம். இனம் வேறு, ஆனால் விதி ஏறக்குறைய ஒன்றுதான். சிறகு முளைத்தபின் வாழ்வு சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். அதற்கு முன் அது நீருக்கடியில் கல்லிடுக்கில் மாதக்கணக்கில், சில இனங்களில் ஒரு வருடத்துக்கும் மேலாக, இளம்புழுவாக வாழ்ந்திருக்கும். காலம் கனிந்ததும் அடியிலிருந்து மேல்நோக்கி நீந்தும். நீர்ப்பரப்பின் மெல்லிய தோலைக் கிழித்து, தன் கூட்டையும் கிழித்து, சிறகை விரித்துப் பறக்கும்.

அந்த மேல்நோக்கிய பயணம்தான் அதன் வாழ்விலேயே மிக ஆபத்தான தருணம். ஒளிய இடமில்லை, வேகம் இல்லை. பாதி புழு, பாதி ஈ. ட்ரவுட்டுக்கு அது தெரியும். நீருக்கு வெளியே மூக்கை நீட்டி அது பூச்சி பிடிப்பதை நாம் பார்க்கிறோம், ரசிக்கிறோம். ஆனால் அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள்தான் நடக்கிறது.

மென்மையான இறகு கட்டிய ஈ இந்தத் தருணத்துக்கானது. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது. அதைக் கட்டினால் ஈ மிதக்கும். கவுதாரி, தாழைக்கோழி, உள்ளான் போன்ற பறவைகளின் சிற்றிறகு மெத்தென்றிருக்கும். நீரில் நனைந்ததும் ஓட்டத்துக்கு ஏற்ப மடங்கும், விரியும். நீர் கொஞ்சம் வேகமாக இழுத்தால் இறகின் இழைகள் உடலோடு ஒட்டிக்கொள்கின்றன. இழுப்பு தளர்ந்தால் மறுபடி திறக்கின்றன. கால்கள் உதைப்பதுபோல, சிறகு கூட்டைவிட்டு வெளிவருவதுபோல. இதைச் செய்வது கட்டியவரின் கை கிடையாது, ஆறு. கட்டியவர் ஆற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறார். மூன்றாவது, நான்காவது சுற்று போட்டால் இறகு அடர்ந்து ஒரு கொத்தாகிவிடும், அசைய இடமிருக்காது. ‘இரண்டு சுற்று’ என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். அதில் தத்துவம் ஏதும் இல்லை.

பட்டுநூலும் அப்படியே. மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டு, நனைந்ததும் கருத்துச் செம்பழுப்பாகிவிடும். கடையில் பளபளவென்று இருப்பது ஆற்றில் பூச்சியின் உடல் நிறமாகிறது. ‘வாட்டர்ஹென் ப்ளோவா’ என்று இன்னொரு ஈ. மஞ்சள் பட்டின்மேல் மோல் என்ற சிறுவிலங்கின் ரோமத்தை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மட்டும் தூவிச் சுற்றுவார்கள். கழுத்தில் தாழைக்கோழிச் சிறகின் அடிப்பக்கத்துச் சாம்பல் இறகு. ப்ளோவா என்பது வடக்கு வட்டார வழக்கில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தைக் குறிக்கும் சொல். குளிர் விலகாத மார்ச், ஏப்ரல் மதியங்களில் எழும்பும் ஆலிவ் நிற மேஃப்ளைக்கு இதைவிட நல்ல ஈ இன்றுவரை வரவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

இந்த வகை ஈக்களுக்கு வடக்கில் ‘ஸ்பைடர்’ என்று பெயர். சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கால்கள் தெரிவதுபோல இருப்பதால் வந்த பெயர். 1857இல் டபிள்யூ.சி. ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ‘தி பிராக்டிகல் ஆங்லர்’ என்ற நூலில் மூன்றே மூன்று ஸ்பைடர்களை முன்வைத்தார். 1885இல் டி.இ. பிரிட் ‘யார்க்‌ஷயர் ட்ரவுட் ஃப்ளைஸ்’ நூலில் அந்த வட்டாரத்து ஈக்களை வண்ணப்படங்களோடு தொகுத்தார். அதற்குமுன் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் கைகளிலும் கையெழுத்துக் குறிப்புகளிலும் இருந்த அறிவு அது.

*

பிரிட்டின் நூல் வந்த அடுத்த ஆண்டு, 1886இல், தெற்கிலிருந்து ஒரு நூல் வந்தது. ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டு எழுதிய ‘ஃப்ளோட்டிங் ஃப்ளைஸ் அண்ட் ஹவ் டு டிரெஸ் தெம்’. மிதக்கும் ஈக்களின் வேதம்.

ஹால்ஃபோர்டை வில்லனாக்குவது சுலபம், நான் அதைச் செய்யப் போவதில்லை. அவர் உழைப்பாளி. பூச்சிகளைப் பிடித்து ஆராய்ந்தார். மீனின் வயிற்றை அறுத்து உள்ளே இருப்பதைப் பார்த்தார். அவர் மீன்பிடித்தது ஹாம்ப்‌ஷயரின் டெஸ்ட் போன்ற ஓடைகளில். சுண்ணப்பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் நீர், கண்ணாடிபோலத் தெளிவு, நிதானமான ஓட்டம், கொழுத்த பூச்சி வளம். அங்கே ஒரு ட்ரவுட் ஒரே இடத்தில் நின்று மிதந்துவரும் ஈக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அந்த மீனுக்கு முன்னால், அந்த ஈயைப் போலவே மிதக்கும் ஒரு ஈயைப் பூப்போல இறக்குவதுதான் ட்ரை ஃப்ளை முறை. அந்த ஆற்றுக்கு, அந்த மீனுக்கு, அந்த வேளைக்கு அது அருமையான விடை.

பிரச்சினை விடையில் இல்லை. விடை எங்கே சட்டமாகியது என்பதில் இருக்கிறது.

மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். கோடிக்கணக்கான பயனர்களைச் சமாளிக்க ஒரு பெரிய நிறுவனம் ஒரு கட்டமைப்பை உருவாக்கும். அவர்களுக்கு அது தேவை. இரண்டு வருடம் கழித்துப் பத்துப் பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒருவர் எழுந்து, “இப்படிப் பண்ணலைன்னா அது இன்ஜினியரிங்கே இல்ல” என்பார். எந்தச் சூழலில் பிறந்த விடை என்ற தகவல் வழியிலேயே உதிர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது கௌரவம் மட்டும். பெஸ்ட் பிராக்டிஸ் என்று அதற்குப் பெயர் வைப்போம்.

ஹால்ஃபோர்டின் சீடர்களிடம் நடந்தது இதுதான். மிதக்கும் ஈ சிறந்த வழி என்பது முதலில் ஒரே வழி என்றானது, பிறகு ஒழுக்கமான வழி என்றானது. நனைந்த ஈயை வீசுபவரை, வீசிவிட்டு விதியை நம்புகிறவர் என்று இகழ்ந்தார்கள்.

இதற்கு எதிராக உள்ளிருந்தே ஒருவர் எழுந்தார். ஜி.இ.எம். ஸ்க்யூஸ், லண்டன் வழக்கறிஞர், இச்சென் ஆற்றில் மீன்பிடித்தவர். கடையில் வாங்கிய ஒரு மிதக்கும் ஈ, இறகு சரியில்லாததால் மூழ்கிவிட்டது. மிதக்கும் ஈக்களைச் சீண்டாத ட்ரவுட் அதை எடுத்தது. சீடராக இருந்தால் ‘ஈ சரியில்லை’ என்று தூக்கிப் போட்டிருப்பார். ஸ்க்யூஸ் ‘ஏன் எடுத்தது?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியின் விடைதான் 1910இல் வந்த ‘மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம்’. அதே 1910இல் ஹால்ஃபோர்டு தன் வாழ்நாள் ஆராய்ச்சியை 33 ஈ வகைகளாகச் சுருக்கி இறுதி செய்து வெளியிட்டார். ஒரே ஆண்டில் இரண்டு நூல்கள். ஒன்று ‘முடிந்தது’ என்றது, இன்னொன்று ‘இன்னும் இருக்கிறது’ என்றது.

ஹால்ஃபோர்டு 1914இல் இறந்தார். சண்டை சாகவில்லை. 1938 பிப்ரவரியில் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதை வைத்து ஒரு விவாதமே நடத்தினார்கள். நீருக்கடியில் இருக்கும் பூச்சியைப்போல ஈ கட்டி மீன்பிடிப்பது சுண்ணப்பாறை ஓடைகளில் அனுமதிக்கத்தக்கதா? ஸ்க்யூஸுக்கு அப்போது 79 வயது. ஐரோப்பா அடுத்த போரின் விளிம்பில் நின்றுகொண்டிருந்த வருடம் அது. ஒரு அறை நிறையப் படித்தவர்கள் கூடி, மீன் பூச்சியை எந்த உயரத்தில் தின்றால் கௌரவம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்றும் அங்கே சில பகுதிகளில் ட்ரை ஃப்ளை மட்டும்தான். வேறு பலவற்றில் ஜூலை 1க்குப் பிறகுதான் நீருக்கடி ஈக்கு அனுமதி.

*

தூய்மைவாதிகளின் வாதங்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம், திறமை. மிதக்கும் ஈக்குத் திறமை வேண்டும், மூழ்கும் ஈயை யாரும் வீசலாம் என்பது. ஆனால் மிதக்கும் ஈயில் மீனும் தெரிகிறது, ஈயும் தெரிகிறது, மீன் வாய் திறப்பதும் தெரிகிறது. மூழ்கிய ஈயில் எதுவுமே தெரியாது. நீரோட்டத்தைப் பார்த்து அடியில் எங்கே கல், எங்கே பள்ளம், மீன் எங்கே நிற்கும் என்று ஊகிக்க வேண்டும். நரம்பு ஒரு கணம் தயங்குவதைக் கண்டு கை உயர வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் ட்ரவுட் துப்பிவிடும். இதற்குக் கோட்பாடு இல்லை என்பதும் பொய். ஹால்ஃபோர்டின் முதல் நூலுக்கு 29 ஆண்டுகள் முன்பே ஸ்டூவர்ட், ஸ்பைடரை ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீச வேண்டும் என்று காரணங்களோடு எழுதிவிட்டார். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், ஆகவே பின்னாலிருந்து வருபவரைப் பார்க்காது. முள்ளை இழுக்கும்போது அது மீனின் வாய்க்குள்ளேயே போகும். இனி போகப்போகும் நீர் கலங்காமல் இருக்கும். இதையா விதியை நம்பி வீசுவது என்கிறார்கள்?

இரண்டாவது வாதம், நியாயம். மூழ்கும் ஈ அதிக மீனைப் பிடித்துவிடும், ஆறு காலியாகும். இதில் உண்மை இருக்கிறது, மழுப்ப மாட்டேன். ஸ்பைடர்காரர்கள் புனிதர்கள் இல்லை. ஒரு நாளில் 12 பவுண்டு எடைக்கு ட்ரவுட் பிடிக்க முடியாதவர் தேர்ந்த தூண்டில்காரர் அல்ல என்கிற ரீதியில் எழுதியவர் ஸ்டூவர்ட். இன்று படித்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஆற்றைக் காப்பதுதான் நோக்கம் என்றால் விதி எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இத்தனை மீனுக்குமேல் கூடாது, இந்த அளவுக்குச் சிறியதைத் திருப்பி விடு, முட்டையிடும் காலத்தில் கரைக்கே வராதே. இவை எல்லாருக்கும் ஒரேமாதிரி பொருந்தும். முறையைத் தடைசெய்யும் விதி மீன்களை எண்ணுவதில்லை, மனிதர்களைப் பிரிக்கிறது. மிதக்கும் ஈக்கு நல்ல கோல், நல்ல நரம்பு, தெளிந்த நீர், மீன் மேலே வரும்வரை காத்திருக்க ஓய்வான மதியம் வேண்டும். அந்தத் தெளிந்த நீரெல்லாம் யாருடையது? டெஸ்ட் ஆற்றின் கரை தனியார் சொத்து. அங்கே 1822இல் தொடங்கிய ஹௌட்டன் கிளப் மாதிரி, மிகச் சிலரை மட்டுமே உறுப்பினராக்கும் அமைப்புகளின் ஆறு. காத்திருக்க நேரம் உள்ளவர்களின் வசதி, காத்திருப்பதே அறம் என்று மாறியது.

மூன்றாவது வாதம்தான் இலக்கிய வாசகர்களுக்கு முக்கியம். போலச்செய்தல். அசலை எவ்வளவு துல்லியமாகப் பிரதி எடுக்கிறோமோ அவ்வளவு உயர்ந்த கலை. ஹால்ஃபோர்டு ஈயின் ஒவ்வொரு பாகத்தின் நிறத்தையும் நிர்ணயிக்க முயன்றார். ஆண் ஈக்கு ஒன்று, பெண் ஈக்கு ஒன்று.

ஆனால் எந்தக் கணத்தின் பிரதி? மேலெழும் பூச்சிக்கு நிலையான வடிவமே கிடையாது. அந்தச் சில நொடிகளில் அது ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. குண்டூசி குத்திப் பெட்டியில் வைத்த பூச்சியைத்தான் நிறம்வாரியாகப் பிரதி எடுக்க முடியும், அது செத்த பூச்சி. ஆற்றில் இருப்பது அசைவு. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு எந்தப் பூச்சியின் போலி என்று கேளுங்கள். ஒருவர் கல்லீ என்பார், இன்னொருவர் முட்டையிட்டுச் செத்த மேஃப்ளை என்பார். ட்ரவுட் இந்த விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. உயிருள்ள ஏதோ ஒன்று, தின்னக்கூடியது என்று நினைத்து எடுக்கிறது.

இன்னொரு விஷயம். மேற்பரப்புதான் தூய்மை என்ற இந்தக் கொள்கை பூச்சிக்கே தெரியாது. பேட்டிஸ் என்ற மேஃப்ளைப் பேரினத்தில் சில இனங்களின் பெண் ஈ, முழு வளர்ச்சி அடைந்தபின், கல்லைப் பற்றிக்கொண்டு நீருக்கடியில் இறங்கிப்போய் முட்டையிடும். வானத்துக்குப் போனது திரும்ப ஆற்றுக்குள் நடந்து போகிறது. எந்த கிளப்பின் அனுமதியும் கேட்காமல்.

*

ஆன்சைட்டில் லீட்ஸ் நகரத்தில் இருந்த இரண்டு வருடங்களில், ஒருநாள் அனுமதிச்சீட்டு எடுத்து வார்ஃப் ஆற்றங்கரையில் பல சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். யார்க்‌ஷயரின் ஸ்பைடர்கள் பிறந்து வளர்ந்த ஆறுகளில் ஒன்று. பீட் கலந்த தேநீர் நிற நீர், உருளைக் கற்கள், வேகமான ஓட்டம். தெற்கின் கண்ணாடி ஓடை இல்லை. அங்கே ஒரு மிதக்கும் ஈயை வீசினால் நாலு நொடியில் நீர் அதை விழுங்கிவிடும். அந்த ஆற்றில் நின்றால்தான் தெரிகிறது, ஸ்பைடர் ஒரு ‘எளிய மக்களின் எளிய கருவி’ மட்டும் இல்லை என்பது. அந்த ஆறு கேட்ட கேள்விக்கு அது மிகச் சரியான விடை. ஏப்ரலில் ஒரு மதியம், கரையில் இருந்த ஒரு பெரியவர் என் ஈயை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். நான் கட்டியிருந்த இறகில் பாதி இழைகளை நறுக்கிவிட்டுத் திருப்பித் தந்தார். ஈ மொட்டையாக, பாவமாக இருந்தது. நீரில் போட்டதும் திறந்தது.

அன்று பிடித்த மீன் எத்தனை என்று சொல்லி யாரையும் கவரப் போவதில்லை. அந்தக் கத்தரி செய்த காரியம் எந்தப் புத்தகத்தின் விதியிலிருந்தும் வரவில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய நீரின் வேகத்தைப் பார்த்து நறுக்கினார். மெதுவான நீராக இருந்திருந்தால் விட்டிருப்பார்.

*

சரி, தூய்மைவாதத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது அலங்காரம் தானே, அதைக் கொண்டாடலாமா? கூடாது. அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது.

விக்டோரியா காலத்து சால்மன் ஈக்கள் என்று ஒரு வகை. சொர்க்கப்பறவை, கோட்டிங்கா என்று உலகின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்த இறகுகளால் கட்டப்பட்டவை. ஜார்ஜ் கெல்சன் 1895இல் இதற்கு ஒரு பெரிய நூலே எழுதினார். சால்மனுக்கு அந்த இறகுகள் தேவையா? தேவையில்லை. தேவைப்பட்டது கட்டுபவருக்கும், காட்டுபவருக்கும். இன்று அவற்றைக் கட்டுபவர்களில் பலர் மீன்பிடிப்பதே இல்லை, சட்டகத்துக்குள் வைப்பார்கள். 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இரவில் ஒரு இளைஞன் நுழைந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். அவன் இசை மாணவன், ஈ கட்டுவதில் வல்லவன். திருடியவற்றில் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் சேகரித்த பறவைகளும் இருந்தன. டார்வினோடு சேர்த்து இயற்கைத் தேர்வைக் கண்டுசொன்ன அதே வாலஸ். எந்த இடத்தில், எந்த நாளில் பிடிபட்டது என்ற சீட்டு கிழிக்கப்பட்ட பறவைத்தோல், அறிவியலுக்குக் குப்பை. அப்படிப் பல தோல்கள் குப்பையாகின. அழகான ஈக்களுக்காக.

அந்தப் பக்கம், எந்த ஆற்றுக்கும் தேவைப்படாத இறகுக்காக அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்த வெறி. இந்தப் பக்கம், வேட்டை முடிந்து சமையலறையில் மிஞ்சிய கவுதாரியின் ஒரு இறகு. எது கலை என்று இன்னும் வாதிட வேண்டுமா?

ஆனால் ஸ்பைடரும் இப்போது தப்பவில்லை. சில்வெஸ்டர் நீமெஸ் என்ற அமெரிக்கர் 1975இல் ‘தி சாஃப்ட்-ஹேக்கில்டு ஃப்ளை’ எழுதி இந்த ஈக்களுக்கு மறுவாழ்வு கொடுத்தார். நல்ல காரியம். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஒரு புதிய குருகுலம் கிளம்பியது. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு என்றால் பியர்சால் பட்டில் 6ஏ எண் நிறம்தான், வேறு ஆரஞ்சு போட்டால் அது போலி. உடல் முள்முனைக்கு நேராக நிற்க வேண்டும், ஒரு சுற்று தாண்டினால் பாவம். பழைய நூல்கண்டுகளைத் தேடி அலைகிறார்கள். கந்தலாகக் கட்டப்பட்ட ஏழை ஈக்குப் பூணூல் போட்டுவிட்டார்கள். ஹால்ஃபோர்டின் ஆவி சிரித்துக்கொண்டிருக்கும். தோற்ற தரப்பு வென்ற தரப்பின் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

வடக்கின் பழைய செய்முறைகளைப் பார்த்தாலே இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். ஒரே பெயருள்ள ஈ ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. கையில் இருந்த பறவை, வீட்டில் இருந்த நூல், அந்த வாரத்து ஆறு. மாறுவதுதான் அதன் மரபு.

*

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார். “எல்லாம் சரி தம்பி, நம்ம ஊர்ல அயிரை இருக்கு, கெண்டை இருக்கு, கெளுத்தி இருக்கு. தங்கூசி நரம்புல மண்புழுவை மாட்டிப் போட்டா மீனு. வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு நமக்கு எதுக்கு?”

நியாயமான கேள்வி. இதில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பும் இருக்கிறது, இனிமையான தொடர்பு இல்லை. நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் உண்டு. தானாக வந்ததில்லை. 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வென்றார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. மலைக்குப் போன துரைமார்கள் தங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமையை இங்கேயும் நடத்துவதற்காக, சோலைக்காட்டு ஓடையில் ஒரு அந்நிய வேட்டை மீனை விட்டார்கள். அந்த ஓடைகளில் ஏற்கெனவே என்னென்ன வாழ்ந்தன என்று அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆகவே ‘ஊட்டியில் போய் ட்ரவுட் பிடியுங்கள்’ என்று நான் சொல்லவில்லை. ட்ரவுட்டின் அழகு வார்ஃப் ஆற்றில், அது தானாகப் பிறந்த இடத்தில். ஓர் ஆற்றின் விடையை இன்னோர் ஆற்றில் திணிக்கும் பழக்கத்துக்கு ஹால்ஃபோர்டிசம் ஒரு உதாரணம் என்றால், நீலகிரி ட்ரவுட் அதன் உயிருள்ள வடிவம்.

இறகு விஷயத்திலும் இதே பாடம். “இறகுக்குக் கவுதாரி வேணுமே” என்பார்கள். நம்மூர்க் கவுதாரியை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு ஈக்காக ஒரு பறவையைக் கொல்வது கேவலம். பெங்களூர் வீட்டில் நான் கட்டுவது, பண்ணைக் காடை விற்கும் கடையில் கழிவாகப் போகும் இறகில். சின்னது, மெத்தென்றது, புள்ளி விழுந்தது. பியர்சால் பட்டு இல்லை, தையல்கடைப் பட்டுநூல்தான். மெழுகு தேய்த்தால் கருக்கிறது, நனைத்தால் இன்னும் கருக்கிறது. வாளித் தண்ணீரில் போட்டு இழுத்துப் பார்த்தால் இழைகள் மூடித் திறக்கின்றன. குருகுலம் இதை ஸ்பைடர் என்று ஒத்துக்கொள்ளாது. யார்க்‌ஷயர் மலைப்பள்ளத்தாக்கில் இருநூறு வருடங்களுக்கு முன் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியவர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

*

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் படிக்கும், எழுதும் வட்டத்தில் விதிகள் ஏராளமாகப் புழங்குகின்றன. கதையில் ஆசிரியர் குரல் கேட்கவே கூடாது. உவமை பழசு. கட்டுரையில் ‘நான்’ வரக்கூடாது. பேச்சுவழக்கு கலந்தால் அது எழுத்தே இல்லை. இல்லையென்றால் நேர் எதிராக, பேச்சுவழக்கில் இல்லையென்றால் அது மக்கள் எழுத்தே இல்லை. முதல் கதை எழுதிய பையனுக்கோ பெண்ணுக்கோ ஒருவர் இந்த விதியில் ஒன்றை எடுத்துத் தலையில் போடுவார். அந்த விதி எந்த எழுத்தாளரின் எந்தப் படைப்புக்காக, எந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பிறந்தது என்று கேட்டால் பதில் வராது. விதி தெரிந்திருப்பது ஒரு உறுப்பினர் அட்டை, அவ்வளவுதான். அட்டை இல்லாதவர் கரைக்கு வெளியே.

இதற்கு மறுப்பாக ‘விதியே வேண்டாம், மனம்போல எழுது’ என்பதையும் நான் ஏற்கவில்லை. ஸ்பைடர் மனம்போலக் கட்டப்பட்டது இல்லை. இரண்டு சுற்று என்பது கறாரான அளவு. மூன்றாவது சுற்று ஏன் கூடாது என்பதற்கு ஆற்றில் காட்டக்கூடிய காரணம் இருக்கிறது. காரணம் காட்ட முடிகிற விதி கைவினை. காரணம் கேட்டால் முகம் சுளிக்கிற விதி சாதி.

இன்னொன்று, குறைத்து எழுதுவதே உயர்ந்தது என்ற தற்போதைய மோஸ்தருக்கும் இந்த ஈயைச் சாட்சியாக யாரும் கூப்பிட வேண்டாம். பெரியவரின் கத்தரி பாதி இழைகளை நறுக்கியது, ஏனென்றால் அன்றைய நீர் அதைக் கேட்டது. நீரைப் பார்க்காமல் நறுக்கியிருந்தால் அது வெறும் மொட்டை முள். சொற்களைக் குறைத்ததாலேயே ஒரு கவிதை ஆழமாகிவிடாது. பெருங்கோடையில் ஓட்டம் அடங்கிய மடுவுக்கு வேறு ஈ, வேறு அடர்த்தி. அந்த வேளையில் மிதக்கும் ஈதான் சரி என்றால் அதையும் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்க்யூஸ் கடைசிவரை மிதக்கும் ஈயையும் பயன்படுத்தியவர்தான். அவர் கேட்டது ஒரே ஒரு உரிமை. மீன் நீருக்கடியில் தின்னும்போது, நீருக்கடியில் ஈயை அனுப்பும் உரிமை. அதைக் கேட்டதற்குத்தான் 79 வயதில் கூண்டில் நிற்பதுபோல நிற்கவேண்டி வந்தது.

எனவே அடுத்தமுறை யாராவது, எந்தத் துறையிலும், ‘இதுதான் தூய வழி’ என்று சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த விதி எந்த ஆற்றில் பிறந்தது? அந்த ஆற்றின் கரை யாருடையது? மீன் இப்போது எந்த ஆழத்தில் தின்றுகொண்டிருக்கிறது? முதல் இரண்டு கேள்விகளுக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது, தேடிப் படிக்கலாம். மூன்றாவதுக்கு நீங்களே ஆற்றில் இறங்கி நின்றுதான் ஆகவேண்டும்.